அறிக்கையில் நோய், வாய்ச்சொல்லில் ஒன்றுமில்லை

பதினோரு வருடங்களுக்கு முன்னால், ஐந்து நிமிட இடைவெளியில் என் உடம்பைப் பற்றி இரண்டு முடிவுகள் கிடைத்தன. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மருத்துவர் மார்பக ஸ்கேன் அறிக்கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லம்மா, தைரியமா போங்க" என்றார். வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்து அதே அறிக்கையை நான் படித்தேன். கடைசி வரியில் "ஃபைப்ரோசிஸ்டிக் டிசீஸ்" என்று அச்சாகியிருந்தது. ஃபைப்ரோசிஸ்டிக் என்றால் நார்த்திசுவும் நீர்ப்பைகளும் சேர்ந்தது, டிசீஸ் என்றால் நோய். வாய் ஒன்றுமில்லை என்கிறது, காகிதம் நோய் என்கிறது. எதை நம்பி வீட்டுக்குப் போவது? திரும்ப உள்ளே போய்க் கேட்டிருக்கலாம். ஆனால் அதற்குள் அடுத்தவரை அழைத்துவிட்டார்கள். கோப்பை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தேன், கோப்பின் விளிம்பு பட்டதும் வலித்தது.

அப்போது எனக்கு முப்பத்து நான்கு வயது. மாதத்தில் பத்து நாள் குப்புறப் படுக்க முடியாது. மாடிப்படி இறங்கும்போது முன்கையை மார்புக்குக் குறுக்கே வைத்துத் தாங்கிக்கொண்டுதான் இறங்குவேன், யாராவது எதிரே வந்தால் கையை எடுத்துவிடுவேன். குளிக்கும்போது தண்ணீர் நேராக விழாமல் திரும்பி நின்றுகொள்வேன். மகள் ஓடிவந்து மேலே பாயும்போது ஒரு கணம் உடம்பு தானாகப் பின்வாங்கும். அவள் முகம் சுருங்குவதைப் பார்த்த நாட்கள் உண்டு. இதற்கெல்லாம் பெயர் "ஒன்றுமில்லை" என்றால், என்னிடம்தான் ஏதோ கோளாறு, நான்தான் சின்னதைப் பெரிதாக்குகிறேன் என்றாகிவிடுகிறது. அப்படித்தான் இரண்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த மருத்துவர்மேல் எனக்குக் கோபமில்லை. புற்றுநோய் இல்லை என்பதைத்தான் அவர் அந்த ஒரு சொல்லில் சொன்னார், அது உண்மையும்கூட. ஒரு நாளில் எத்தனை பேரிடம் "இருக்கிறது" என்று சொல்ல வேண்டியிருந்ததோ, என்னிடம் இல்லை என்று சொல்ல முடிந்தது அவருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் "புற்றுநோய் இல்லை" என்பதற்கும் "ஒன்றுமில்லை" என்பதற்கும் நடுவே பெரிய நிலப்பரப்பு இருக்கிறது. பெண்களில் பெரும்பாலோர் ஆயுளில் எப்போதாவது அதில் நடந்தவர்கள்தான். அதைப் பற்றி யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை.

சொல் கிடைக்காத இடம்

முதல் சிக்கல் மருத்துவரிடம் போவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. எதைச் சொல்லி ஆரம்பிப்பது? வலி தொடங்கிய புதிதில், இரவுப் பணியில் இருந்த ஓர் இளம் மருத்துவரிடம் "மார்புல வலி" என்றேன். அவர் சட்டென்று எழுந்தார். படுக்க வைத்து ஈசிஜி எடுத்தார்கள். இதயம் சீராக இருந்தது. "டாக்டர், நான் சொன்னது அந்த வலி இல்ல" என்று சொல்ல வாய் திறந்தேன், எந்த வலி என்று சொல்ல வார்த்தை வரவில்லை. மார்பு என்றால் நெஞ்சும்தான். மார்பகம் என்பது எழுதும்போது வரும் சொல், பேச்சில் நாக்குக்கு ஏறுவதில்லை. நம் பழைய கவிதைகள் தயங்காமல் சொன்ன சொல் இன்று வசவுபோல ஒலிக்கிறது. கடைசியில் "அந்த இடத்துல" என்கிறோம். பெயர் சொல்ல முடியாத உறுப்பில் வரும் வலியை எப்படி விவரிப்பது, எந்தப் பக்கம், எந்த மூலை, என்று தொடங்கி என்று விடுகிறது என்று எப்படிச் சொல்வது?

அடுத்தது "கட்டி" என்ற சொல். தமிழில் அது எத்தனை வேலை செய்கிறது பாருங்கள். சீழ் வைத்தாலும் கட்டி, நீர் நிறைந்த பையும் கட்டி, நார்த்திசு தடித்தாலும் கட்டி, புற்றும் கட்டி. பால் கொடுக்கும் நாட்களில் பால் வெளியேறாமல் இறுகினால் "பால் கட்டிக்கிச்சு" என்கிறோம், அதில் யாரும் பயப்படுவதில்லை, ஏனென்றால் அதற்குக் காரணமும் சேர்ந்தே அந்தச் சொல்லில் இருக்கிறது. ஆனால் தனியாக "மார்புல கட்டி" என்று சொன்ன மறுநொடி கேட்பவர் முகம் மாறுகிறது. அந்தச் சொல்லுக்குள் இருக்கும் பத்து வகையில் ஒன்றே ஒன்றுதான் எல்லோருக்கும் கேட்கிறது.

என் விரல்களுக்கு அப்போது மூன்று இடங்கள் தட்டுப்பட்டுக்கொண்டிருந்தன. ஒன்று இடது மார்பகத்தின் உட்பக்கம், கெட்டியாக. இன்னொன்று அதே பக்கம் வெளிமேல் பகுதியில், அக்குளை நோக்கிப் போகும் வரப்பு மாதிரி. மூன்றாவது வலப்பக்கம், தொட்டாலே வலிக்கும் உருண்டை. ராத்திரியில் விளக்கை அணைத்தபிறகு விரல் தானாக அங்கே போகும். இருக்கிறதா, பெரிதாகிவிட்டதா என்று அழுத்திப் பார்ப்பேன், அழுத்தியதாலேயே மறுநாள் இன்னும் வலிக்கும். வலித்ததால் இன்னும் பயம் வரும். கணவரிடம் ஒருமுறை சொன்னேன். "டாக்டர்தான் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாரே" என்றார், ஆறுதலாகத்தான். அதற்குப் பிறகு சொல்லவில்லை.

மூன்று விரல்

இரண்டு வருடம் கழித்து, வேறொரு காரணத்துக்காகப் போன இடத்தில், வயதில் மூத்த ஒரு பெண் அறுவை மருத்துவரைப் பார்க்க வாய்த்தது. மாதவிலக்கு எப்போது வந்தது என்று கேட்டார். சொன்னேன். "அப்ப இன்னிக்குப் பார்க்க வேண்டாம். அடுத்தது தொடங்கி ஒரு வாரம் கழிச்சு வாங்க, அப்பதான் வீக்கம் வடிஞ்சு சரியா தெரியும்" என்று திருப்பி அனுப்பினார். அதுவரை யாரும் என்னிடம் நாள் கேட்டுப் பரிசோதித்ததில்லை. வயலில் தண்ணீர் நிற்கும்போது வரப்பை அளக்க முடியாது என்பதுபோல ஒரு நியாயம் அதில் இருந்தது.

அந்த நாளில் போனேன். கையைத் தலைக்கு மேலே தூக்கிப் படுக்கச் சொன்னார். தான் பார்த்து முடித்தபிறகு, நான் எழப்போகையில், "இருங்க, உங்க கையைக் குடுங்க" என்றார். என் நடு மூன்று விரல்களைப் பிடித்தார். "நுனியால குத்தக் கூடாது. இந்தச் சதைப்பகுதி இருக்கில்ல, இதால சின்னச் சின்ன வட்டமா." பிறகு என் கையையே எடுத்துக்கொண்டு போய் நான் பயந்துகொண்டிருந்த முதல் இடத்தில் வைத்தார். "இது என்ன?" "கட்டி" என்றேன். இன்னும் கொஞ்சம் அழுத்தி, அதை ஒட்டியே விரல்களைப் பக்கவாட்டில் நகர்த்தினார். அது நீண்டுகொண்டே போனது, நடு நெஞ்சு எலும்புவரை. "இது உங்க விலா எலும்பும்மா. எலும்பும் குருத்தெலும்பும் சேர்ற இடம். அங்க அழற்சி வந்தாலும் மார்பகம் வலிக்கிற மாதிரிதான் இருக்கும்."

இரண்டு வருடம் ஒவ்வொரு ராத்திரியும் நான் தொட்டுப் பார்த்துப் பயந்தது என் சொந்த விலா எலும்பை. அன்றைக்கு அந்தப் படுக்கையில் கண்ணீர் வந்துவிட்டது. அவர் நிறுத்தவில்லை. இரண்டாவது இடம், அந்த வரப்பு. "இதே இடத்தை அந்தப் பக்கம் தொடுங்க." தொட்டேன். வலப்பக்கமும் அதே வரப்பு, கண்ணாடியில் பார்த்ததுபோல. சுரப்பித் திசு அதிகமாக இருப்பதே வெளிமேல் பகுதியில்தான், அதன் வால் ஒன்று அக்குள்வரை நீள்கிறது, அதனால்தான் அங்கே கையில் அதிகம் தட்டுப்படுகிறது, வலியும் அங்கேயிருந்து கைக்கு இறங்குகிறது என்றார். மூன்றாவது, வலிக்கும் உருண்டை. வழுவழுப்பாக, உள்ளே ஏதோ நிரம்பி விம்மி நிற்பதுபோல. "இது நீர்க்கட்டி மாதிரி இருக்கு. ஊசி வெச்சுப் பார்த்துடலாம்."

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அவர் இன்னும் என் விரல்களை விடவில்லை. இடது பக்கம், கடிகாரத்தில் இரண்டு மணி இருக்கும் திசையில், காம்பிலிருந்து நான்கு விரல் தள்ளி ஓரிடத்தில் வைத்தார். ரப்பர் மாதிரி ஏதோ ஒன்று விரலுக்குக் கீழே பட்டு, உடனே நழுவியது. வலியே இல்லை. "இது நீங்க சொல்லாத ஒண்ணு. உங்க பழைய அறிக்கையிலயும் இல்ல, புதுசா வந்திருக்கலாம். ஃபைப்ரோஅடினோமா, அதாவது சுரப்பியும் நாரும் சேர்ந்த தீங்கில்லாத கட்டின்னு நினைக்கிறேன். ஆனா நினைப்பு போதாது, சதை எடுத்துப் பார்ப்போம்."

நான் அஞ்சிய மூன்றில் ஒன்று எலும்பு, ஒன்று எல்லோருக்கும் இருக்கும் திசு, ஒன்று நீர். உண்மையில் ஊசிவைத்துச் சதை எடுத்துப் பார்க்க வேண்டியிருந்த நாலாவது எனக்குத் தெரியவே இல்லை, அது வலிக்கவும் இல்லை. வலியை வைத்து ஆபத்தை அளக்க முடியாது என்பதை அதற்குப் பிறகு எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

நீர்க்கட்டியை அன்றைக்கே ஸ்கேன் திரையில் பார்த்துக்கொண்டே உறிஞ்சினார். மெல்லிய பச்சை கலந்த திரவம், ஊசிக்குழலில் கால்வாசி. திரையில் இருந்த கறுப்பு வட்டம் என் கண்ணெதிரே சுருங்கி மறைந்தது, வலியும் அப்போதே பாதி குறைந்தது. அவர் அதைக் கழிவுத் தொட்டியில் ஊற்றப் போனார். "டெஸ்ட்டுக்கு அனுப்ப வேண்டாமா டாக்டர்?" என்று பதறினேன். "ரத்தம் கலந்திருந்தாலோ, எடுத்த பிறகும் கட்டி மிச்சமிருந்தாலோ அனுப்புவேன். இது தெளிவா இருக்கு, உருண்டையும் போயிடுச்சு." ஏன் அனுப்புகிறேன் என்பதைப்போலவே ஏன் அனுப்பவில்லை என்பதையும் எனக்குச் சொன்ன முதல் ஆள் அவர்.

இரண்டு மணித் திசையில் இருந்ததற்கு மரக்க ஊசி போட்டு, விசைவைத்த தடித்த ஊசியால் மூன்று இழை சதை எடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் 'டக்' என்று சத்தம் வரும் என்று முன்னாலேயே சொன்னார்கள், அதனால் அதிரவில்லை. முடிவு வர ஆறு நாள் ஆனது. அந்த ஆறு நாளைப் பற்றி எழுதப் போவதில்லை, காத்திருந்தவர்களுக்குத் தெரியும். முடிவைக் கையில் வைத்துக்கொண்டு அவர் சொன்னதை மட்டும் எழுதுகிறேன்: "இது கட்டிதான். புற்றுநோய் இல்ல. ஒண்ணுமில்லன்னு சொல்ல மாட்டேன், இருக்கு. ஆனா அது இன்னதுன்னு நமக்குத் தெரியும்."

அந்த வாக்கியம் கிடைப்பதற்குத்தான் இரண்டு வருடம் ஆயிற்று.

நோய் என்ற பெயர் எங்கிருந்து வந்தது

அதற்குப் பிறகு நிறையப் படித்தேன். பழைய அறிக்கையில் இருந்த அந்த "டிசீஸ்" என்னை விடவில்லை. ஆஸ்ட்லி கூப்பர் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் 1829இலேயே மார்பகத்தின் நீர்க்கட்டிகளையும், கட்டியே இல்லாமல் வெறுமனே வலிக்கும் மார்பகத்தையும் விவரித்து எழுதிவிட்டார். மார்பகத்தைத் தாங்கி நிறுத்தும் நார்ப்பட்டைகளுக்கு இன்றும் அவர் பெயர்தான். அவருக்குப் பின் வந்தவர்கள் ஒவ்வொருவரும் தாம் பார்த்த முடிச்சுகளுக்கும் நீர்ப்பைகளுக்கும் ஒரு பெயர் வைத்தார்கள், பெயரின் கடைசியில் நோய் என்றும் சேர்த்தார்கள். அறுவை மேசைக்கு வந்தவர்களை மட்டுமே பார்த்தவர்களுக்கு, வராமல் வீட்டில் நலமாக இருந்த கோடிக்கணக்கான பெண்களிடமும் அதே முடிச்சுகள் இருப்பது தெரிய வழியில்லை.

1982இல் சூசன் லவ் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் இரண்டு சகாக்களோடு சேர்ந்து, நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஒரு கேள்வியையே தலைப்பாக வைத்து எழுதினார்: ஃபைப்ரோசிஸ்டிக் நோய் என்பது நோயே அல்லாத ஒன்றா? தொட்டுப் பார்க்கையில் ஏறக்குறைய பாதிப் பெண்களிடமும், நுண்ணோக்கியில் பார்க்கையில் இன்னும் மிகப் பலரிடமும் இருக்கும் ஒன்றை எப்படி நோய் என்பது என்பதுதான் அவர்களுடைய வாதம். 1985இல் டூபாண்ட், பேஜ் என்ற இருவர், சதை எடுத்துப் பார்த்ததில் தீங்கற்றது என்று முடிவு வந்த பெண்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்து எழுதியதில், அவர்களில் சுமார் 70 சதவீதம் பேருக்குப் பின்னாளில் புற்றுநோய் வரும் ஆபத்து கூடவே இல்லை என்று தெரிந்தது. சுமார் 4 சதவீதத்தினரிடம் செல்கள் பெருகியதோடு வடிவமும் பிறழ்ந்திருந்தன, அவர்களுக்கு ஆபத்து நான்கு மடங்குக்கும் மேல். எல்லோரையும் ஒரே பெயரில் அடைத்ததால் 70 பேர் வீணாகப் பயந்தார்கள், கவனம் தேவைப்பட்ட 4 பேர் கூட்டத்தில் மறைந்துபோனார்கள். 1986இல் அமெரிக்க நோய்க்குறியியல் மருத்துவர்களின் கல்லூரி, நோய் என்பதை விட்டுவிட்டு "மாற்றங்கள்" என்று எழுதும்படி பரிந்துரைத்தது. என் அறிக்கை அச்சானது அதற்கு ஏறக்குறைய முப்பது வருடம் கழித்து. பழைய சொல் போகவில்லை.

எனக்குப் பிடித்த பெயர் 1987இல் வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரத்து மருத்துவர்கள் லான்செட் இதழில் முன்வைத்தது. இயல்பான வளர்ச்சியிலும் சுருக்கத்திலும் ஏற்படும் விலகல்கள் என்று அதைத் தமிழில் சொல்லலாம். பெண்ணின் மார்பகம் ஒருமுறை வளர்ந்து முடிந்துவிடும் உறுப்பு அல்ல. பதின்வயதில் திறக்கிறது, ஒவ்வொரு மாதமும் ஒரு கர்ப்பத்துக்காகத் தயாராகிறது, கர்ப்பம் இல்லையென்றால் கட்டியதைப் பிரிக்கிறது, நாற்பதுகளில் மெல்ல ஒடுங்கத் தொடங்குகிறது. மாதத்தின் பின்பாதியில் சுரப்பி நுனிகள் பருத்து, சுற்றியுள்ள திசுவில் நீர் கோத்து, மார்பகத்தின் அளவே கூடும். பிறகு வடியும், ஆனால் ஒவ்வொரு முறையும் முழுதாகப் பழைய நிலைக்குத் திரும்பாது. முந்நூறு நானூறு முறை கட்டிப் பிரித்த பந்தலில் சில முடிச்சுகள் அவிழாமல் நிற்காதா? பதினைந்திலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் ஒரு சுரப்பி நுனி அளவுமீறி வளர்ந்தால் அது ஃபைப்ரோஅடினோமா. பெரும்பாலும் இளவயதில் வருவது, எனக்கு முப்பத்தாறில் கண்ணில் பட்டது. விரலுக்குப் பிடிகொடுக்காமல் ஓடுவதால் அறுவை மருத்துவர்கள் அதை மார்பகச் சுண்டெலி என்றே அழைப்பதுண்டு. ஒடுங்கும் வயதில் சுற்றுத்திசு முந்திக்கொண்டு சுருங்கி, சுரப்பி நுனி பின்தங்கினால் அது நீர்ப்பையாக உப்புகிறது, முப்பத்தைந்துக்கும் ஐம்பதுக்கும் இடையில் நீர்க்கட்டிகள் அதிகம் வருவது அதனால்தான். மாதவிடாய் நின்றபின், ஹார்மோன் மாத்திரை எடுக்காதவர்களுக்கு, இவை பெரும்பாலும் அடங்கிவிடுகின்றன.

இதைப் படித்த அன்று எனக்குள் ஏதோ தளர்ந்தது. என் உடம்பு என்னைத் தாக்கவில்லை, தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது, அதில் சில இடங்களில் கணக்கு கொஞ்சம் முன்பின் ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

ஒரு தாளும் முப்பது கட்டங்களும்

கட்டிகளுக்கு விடை கிடைத்தபிறகும் வலி இருந்தது. அதற்கு அந்த மருத்துவர் கொடுத்தது ஒரு தாள். கோடுபோட்டு முப்பது கட்டம், ஒவ்வொரு நாளும் படுக்கப்போகும் முன் 0 முதல் 10 வரை ஓர் எண் எழுத வேண்டும், மாதவிலக்கு நாட்களைச் சுழிக்க வேண்டும். இரண்டு மாதம். மூன்றாவது வாரத்திலேயே எனக்குத் தெரிய ஆரம்பித்தது. விலக்கு வருவதற்குப் பதினொரு நாள் முன்பு 2, பிறகு 4, 6, 7, முந்தின நாள் 8, வந்த இரண்டாம் நாள் 3, நான்காம் நாள் 0. அடுத்த மாதம் அதே மலை, அதே உயரம். நடுவில் இடது உட்பக்கம் மட்டும் சுழற்சியைப் பார்க்காமல் 3, 3, 4 என்று நின்றது, அது கனமான பொருள் தூக்கிய நாட்களோடு பொருந்தியது. விலா எலும்பின் வலி அது. ஒரே வலி என்று நினைத்தது இரண்டு வலி.

மாதச் சுழற்சியோடு வருவது ஒரு வகை, அதுதான் பெரும்பான்மை, பொதுவாக இரண்டு பக்கமும் வரும், கனமாக, விண்ணென்று இருக்கும். சுழற்சியோடு சேராதது இன்னொரு வகை, அதை ஒரு விரலால் சுட்டிக்காட்ட முடியும். பல நேரம் அது மார்பகத்தின் வலியே அல்ல, நெஞ்சுக்கூட்டின் வலி. வேறு எந்த மாற்றமும் இல்லாமல் வலி மட்டும் இருந்தால் அதற்குப் புற்றுநோய் காரணமாக இருப்பது மிக அரிது. வலியுள்ள பெண்களின் ரத்தத்தில் ஹார்மோன் அளவும் பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கிறது, திசுதான் அதற்குக் கூடுதலாக எதிர்வினை செய்கிறது.

தாளில் மலையைப் பார்த்தபிறகு என் வலி குறையவில்லை, ஆனால் அதற்கு முடிவு நாள் தெரிந்தது. 8 என்று எழுதும்போதே, நாலு நாளில் 0 வரும் என்று தெரிந்து எழுதுவது வேறு. காரணத்தை விளக்கிச் சொல்வது ஒன்றாலேயே பெரும்பாலான பெண்களுக்கு வலி தாங்கக்கூடியதாகிவிடுகிறது என்று மருத்துவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். நான் அதை ஆறுதல் வார்த்தையின் மகிமை என்று எடுத்துக்கொள்வதில்லை. அது சிகிச்சை. அதற்குப் பத்து நிமிடம் வேண்டும், அந்தப் பத்து நிமிடம்தான் பெரும்பாலான பெண்களுக்குக் கிடைப்பதில்லை.

மற்றபடி நான் முயன்றவை: அளவு பார்த்து வாங்கிய, அசையாமல் தாங்கும் விளையாட்டு உள்ளாடை. வலிநாட்களில் இரவிலும் அணிந்தேன். எளிய விஷயம்தான், ஆனால் 2000இல் வெளியான ஓர் ஆய்வில் 200 பெண்களில் ஒரு பாதிக்கு இந்த வகை உள்ளாடையும் மறுபாதிக்கு டனசோல் என்ற ஹார்மோன் வகை மாத்திரையும் கொடுத்துப் பார்த்ததில், உள்ளாடையில் 85 சதவீதம் பேருக்கும் மாத்திரையில் 58 சதவீதம் பேருக்கும் நிவாரணம் கிடைத்தது. டனசோல் குரலைத் தடிப்பாக்கும், முகத்தில் முடி வளர்க்கும், எடை கூட்டும். மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைத் தடுக்கும் டாமாக்ஸிஃபென் மாத்திரையைக் குறைந்த அளவில் கொடுப்பதும் உண்டு. இரண்டும் வேறெதுவும் பயன்படாத கடும் வலிக்கு, மருத்துவர் கண்காணிப்பில் மட்டும். எனக்கு அதுவரை போக வேண்டியிருக்கவில்லை. மேலே தடவும் டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணி ஜெல் போதுமாக இருந்தது. ஈவினிங் ப்ரிம்ரோஸ் என்ற பூச்செடியின் விதை எண்ணெய் மாத்திரை ஆறு மாதம் சாப்பிட்டேன், பலன் தெரியவில்லை. இந்த வலிக்கு அது உதவுகிறது என்பதற்குச் சான்று போதாது என்று பிரிட்டன் 2002லேயே அதன் மருந்து உரிமத்தைத் திரும்பப் பெற்றுவிட்டது என்று பின்னால்தான் தெரிந்தது. காபியை ஒரு வருடம் விட்டேன். 1979இல் மின்டன் என்ற அமெரிக்க மருத்துவரின் குழு காபி, தேநீரை விட்டால் கட்டிகள் குறைவதாக எழுதியது, பின்னால் கட்டுப்பாட்டோடு செய்த ஆய்வுகள் அதை உறுதிசெய்யவில்லை. விட்டதால் குறைந்தது என்று உணர்பவர்கள் விடட்டும். ஆனால் "நீ காபி குடிச்சதாலதான்" என்று ஒரு பெண்ணிடம் யாரும் சொல்லக் கூடாது.

குற்றவுணர்ச்சி பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாதாமாதம் ஒழுங்காகச் சோதித்துப் பார்க்காததால் ஏதோ தவறவிட்டேன் என்று தவித்திருக்கிறேன். ஷாங்காய் நகரத்து நெசவாலைகளில் 2,66,000 பெண்களைக்கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 2002இல் வந்தது. சுயபரிசோதனையை முறையாகக் கற்றுக்கொண்ட பாதியில் மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் 135 பேர், கற்றுக்கொடுக்கப்படாத பாதியில் 131 பேர். வேறுபாடு இல்லை. ஆனால் கற்றுக்கொண்டவர்களிடம் தீங்கற்ற கட்டிகள் ஏறக்குறைய இரண்டு மடங்கு கண்டுபிடிக்கப்பட்டன. அதாவது ராத்திரி விளக்கணைத்தபின் நான் அழுத்தி அழுத்திப் பார்த்தது என்னைக் காப்பாற்றியிருக்காது. உடம்பைத் தெரிந்து வைத்துக்கொள்வது வேண்டும். குளிக்கையில், உடை மாற்றுகையில், தன் வழக்கமான வரப்பு எது என்று தெரிந்திருக்க வேண்டும், வழக்கத்தில் இல்லாதது வந்தால் போய்க் காட்ட வேண்டும். காவல் காப்பது வேறு.

எதற்குக் காத்திருக்கக் கூடாது என்பதை எனக்கு அந்த மருத்துவர் சொன்ன வரிசையிலேயே சொல்கிறேன். ஒரு விலக்கு கடந்தபிறகும் கரையாமல் தனித்து நிற்கும் கட்டி. அது கல்போல் கெட்டியாக, அசைத்தால் அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த ஒரு விலக்குக்கும் காத்திருக்க வேண்டாம். தோல் குழிவது, ஆரஞ்சுப் பழத்தோல் மாதிரி புள்ளிபுள்ளியாகத் தடிப்பது. புதிதாகக் காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது. தானாக, ஒரே துளையிலிருந்து, ரத்தமாகவோ தெளிந்த நீராகவோ கசிவது. அக்குளில் நெறி. மாதவிடாய் நின்றபின் புதிதாக வரும் எந்தக் கட்டியும். "வலிச்சா அது புத்து இல்ல" என்று ஒரு சொல் உலவுகிறது, அதை நம்பி யாரும் வீட்டில் உட்காரக் கூடாது. வலியோடு வரும் புற்றும் உண்டு.

என் சுண்டெலி இன்னும் இருக்கிறது. எடுத்துவிடலாம் என்றும் விட்டுவிடலாம் என்றும் இரண்டையும் சொன்னார்கள், விட்டுவிட்டேன். கண்டபோது 14 மில்லிமீட்டர், ஆறு மாதத்தில் 14, ஒரு வருடத்தில் 15, இரண்டு வருடத்தில் 14. வேகமாக வளர்ந்தால் எடுத்துவிட வேண்டும் என்பது பேச்சு, வளரவில்லை. சென்ற வருடம் பார்த்தபோது 11.

போன மாதம் சித்தி மகள் அழைத்தாள். இருபத்தாறு வயது. "அக்கா, ஒண்ணு கேக்கணும், யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று தொடங்கி, "அந்த இடத்துல..." என்று நிறுத்தினாள். நான் அவசரப்படவில்லை. எந்தப் பக்கம் என்று கேட்டேன். இடது. கடிகாரத்தில் எத்தனை மணி? கொஞ்ச நேரம் சத்தமில்லை, தொட்டுப் பார்க்கிறாள் என்று புரிந்தது. "நாலு மணி இருக்கும்க்கா." நழுவுதா, ஒட்டிக்கிட்டு இருக்கா? "நழுவுது." கடைசியா எப்ப தலைக்குக் குளிச்ச? சொன்னாள். "ஒண்ணுமில்லை" என்று வாய்வரை வந்தது. அவள் பயத்தைத் தணிக்க அதைவிடச் சுருக்கமான சொல் எனக்கும் தெரியாது. விழுங்கிக்கொண்டேன்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன். "பெரும்பாலும் பயப்படற மாதிரி இருக்காது. ஆனா என்னன்னு பார்த்துச் சொல்லறவங்ககிட்ட போவோம். வியாழக்கிழமை எனக்கு லீவு, நானும் வரேன். உள்ள போனதும் இப்ப என்கிட்ட சொன்ன மாதிரியே சொல்லு, இடது பக்கம், நாலு மணி, நழுவுது, வலி இல்லன்னு."

"அப்படியே சொல்லலாமாக்கா?"

"அப்படியேதான்."

அவள் மெதுவாக, மனப்பாடம் செய்வதுபோல, இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். இரண்டாவது தடவை மார்பகம் என்ற சொல்லும் அதில் இருந்தது.